தாளிப்பு வாசனை ஏறாத அறை

மதுரையில் எவ்வளவு காசுக்கு எங்கே தங்கலாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன் என்று ஒரு காலத்தில் பீற்றிக்கொண்டவன் நான். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. எங்கள் ஊர் வாடிப்பட்டிக்குப் பக்கத்தில். பள்ளிக்கூடங்களுக்குச் சிலேட்டு, பலப்பம், நோட்டுப் புத்தகம் கொண்டுபோய்ப் போடுவது என் தொழில். மாதத்தில் நாலைந்து நாள் சரக்கு எடுக்க மதுரைக்கு வந்து தங்கியாக வேண்டும். கையில் காசு புரண்ட மாதமும் உண்டு, பஸ் கட்டணத்துக்கே தாளம் போட்ட மாதமும் உண்டு. ஆகவே எல்லாத் தரத்து இடங்களிலும் படுத்துப் பார்த்திருக்கிறேன்.

கையில் ஒன்றுமில்லை என்றால் ரயிலடிக்குப் பக்கத்துச் சத்திரம். மூன்று நாள் வரை காசு கிடையாது, கூடத்தில் பாயை விரித்துக்கொள்ளலாம். செருப்பை மட்டும் துண்டில் சுற்றித் தலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் காசு இருந்தால் சாப்பாட்டு ஓட்டல்களின் மாடியில் நாள் வாடகைக்கு விடுகிற ரூம். கதவு இருக்கும், கட்டில் இருக்கும், கட்டிலில் மூட்டைப்பூச்சியும் இருக்கும். காசைப் பற்றிக் கவலையே இல்லை என்றால் பெரிய லாட்ஜ். அங்கே மின்சார விசிறி சுற்றும். ஆனால் பேர், ஊர், வந்த காரியம், போகும் தேதி எல்லாவற்றையும் ரிஜிஸ்தரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தினமும் காலையில் ஆள் வந்து ரூமைப் பெருக்கி, கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்ப்பான்.

சொந்தக்காரர்கள் மதுரைக்குக் கிளம்புவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். பெண் பார்க்கப் போகிறவர்களைச் சத்திரத்துக்கு அனுப்ப மாட்டேன், பெண் வீட்டார் ஒரு மாதிரியாகப் பேசுவார்கள். வழக்குக்குப் போகிறவர்களை லாட்ஜுக்கு அனுப்ப மாட்டேன், வக்கீல் பார்த்துவிட்டால் பீஸை ஏற்றிவிடுவார். இப்படியெல்லாம் ஊருக்கே யோசனை சொன்னவன், என் சொந்தப் பிள்ளைக்கு இடம் தேட வேண்டி வந்தபோது கோட்டை விட்டேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பதினாலு நாளை என்னால் மறக்க முடியவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். மகளுக்கு ஐந்து வயது. அழகர்கோவிலில் முடி இறக்கிக் காது குத்துவதாக நேர்ந்துகொண்டது தள்ளிக்கொண்டே போய், ஒரு வழியாக அந்த வருஷம் கிளம்பினோம். தாய்மாமன் நேராகக் கோவிலுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. நாங்கள் மூன்று பேரும் முதல்நாளே மதுரைக்கு வந்துவிட்டோம், ஏனென்றால் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், எனக்குச் சரக்கு எடுக்கிற வேலை இருந்தது. ஒரே செலவில் இரண்டு காரியம் என்பது என் கணக்கு.

“கதவு வச்ச எடமாப் பாருங்க. பொம்பளப் புள்ளையக் கூட்டிட்டு வாரோம்” என்றாள் என் மனைவி.

“மூணு நாளைக்குக் கதவு எதுக்கு?” என்று சொல்லிச் சத்திரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூடத்தில் வடக்குச் சுவர் ஓரமாக நல்ல இடம் கிடைத்தது. பக்கத்துப் பாயில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை. என் மகள் அந்தக் குழந்தையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு இறக்க மாட்டேன் என்றாள்.

மறுநாள் அழகர்கோவிலில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. மாமன் மடியில் உட்கார்ந்து, அழுது, கத்தி, கடைசியில் இரண்டு காதிலும் பொட்டுத் தங்கத்தோடு மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்தாள். மாமன் அங்கிருந்தே ஊர் திரும்பினான். நாங்கள் மதுரைக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளைக்கு உடம்பு சுட்டது. காது குத்தின காய்ச்சல் என்று நான் சொன்னேன். மறுநாள் தலையில் சிவப்புச் சிவப்பாகத் தெரிந்தது. கத்தி பட்ட பொரிப்பு என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னேன். காரணம் சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் என் மனைவி என்னை உலுக்கினாள். பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். நெஞ்சிலும் கையிலும் அதே சிவப்பு. நெற்றியில் இருந்தவை தடிக்க ஆரம்பித்திருந்தன.

“அவ வந்திருக்கா” என்றாள் காதோடு.

எங்கள் பக்கத்தில் பெரியம்மையை யாரும் பேர் சொல்லிச் சொல்வதில்லை. மாரியம்மாள் வந்திருக்கிறாள், முத்துப் போட்டிருக்கிறாள் என்பார்கள். எனக்கும் என் மனைவிக்கும் சின்ன வயதிலேயே அது வந்து போய்விட்டது. இரண்டு பேர் முகத்திலும் தழும்பு உண்டு, ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராது. ஆனால் தடுப்புக்கு அம்மை குத்துகிற உத்தியோகஸ்தர் எங்கள் ஊருக்கு வந்தபோது, பங்காளி வீட்டுப் பிள்ளைக்குக் கை சீழ் வைத்ததைப் பார்த்துப் பயந்து, மகளை அம்மாச்சி வீட்டுக்கு அனுப்பி மறைத்தது நான்தான். என் மனைவி அதை அப்போது ஞாபகப்படுத்தவில்லை. அவள் ஞாபகப்படுத்தாததே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சத்திரத்து மணியக்காரர் பார்த்தால் நகரசபைக்கு ஆள் அனுப்புவார். நகரசபை வண்டி வந்து பிள்ளையைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த அம்மைக் கொட்டகைக்குப் போய்விடும். பெற்றவர்களை உள்ளே விட மாட்டார்கள் என்று பேச்சு. அங்கே போய்ப் பிழைத்து வந்தவர்களும் இருந்திருப்பார்கள். எங்கள் காதுக்கு வந்ததெல்லாம் வராதவர்களின் கதைதான். ஊருக்கே போய்விடலாம் என்றால் என் மனைவி ஒப்பவில்லை. முத்துப் போட்ட பிள்ளையை எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது, முத்து இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் அவள் வந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்றாள். பஸ்ஸில் இப்படி ஒரு பிள்ளையை யார் ஏற்றுவார்கள் என்பது வேறு.

ஒரு பாய் தூரத்தில் அந்தக் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தாயிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் கெடு முடிந்துவிட்டது, கிளம்புகிறோம் என்று மணியக்காரரிடம் சொல்லிவிட்டு, பிள்ளையை என் மனைவியின் சேலையில் முழுக்கச் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஜட்கா வண்டியில் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். பெரிய லாட்ஜ் ஆகாது. ரிஜிஸ்தர் இருக்கிறது, கட்டிலுக்கு அடியில் குனிகிறவன் இருக்கிறான். கதவு வேண்டும், கேள்வி கேட்காத ஆள் வேண்டும். நான் வழக்கமாகத் தங்கும் ஓட்டல் மாடிதான் உடனே நினைவுக்கு வந்தது. சைவ ஓட்டல், மாமிச வாடை கிடையாது. ஓட்டல்காரர் என்னை விட இரண்டு மூன்று வயது பெரியவராகவே இருப்பார், ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார், நானும் அவரை அப்படியே கூப்பிடுவேன். வேறு ஊரில் குடும்பத்தை வைத்துவிட்டு, ஓட்டலிலேயே படுத்து எழுந்து காலம் தள்ளுகிறவர். அதிகம் பேச மாட்டார். இதைவிடத் தோதான இடம் மதுரையில் கிடையாது என்று முடிவு செய்தேன். இடம் பிடிப்பதில் நான் புலி அல்லவா?

“புள்ளைக்குக் காய்ச்சலாண்ணே?” என்று கல்லாவிலிருந்து கேட்டார்.

“காது குத்துன காய்ச்சல்” என்று சொல்லிக்கொண்டே நிற்காமல் படியேறினேன்.

ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் எனக்கு மூச்சு வந்தது. என் மனைவிக்கு முதலில் வேப்பிலை வேண்டும். வேப்பமரத்துக்கு மதுரையில் பஞ்சமில்லை, ஆனால் பட்டப்பகலில் வேப்பங்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தால் தமுக்கு அடிப்பது மாதிரிதான். சிலேட்டு சாம்பிள் வைக்கிற பையை எடுத்துக்கொண்டு வைகைக் கரைக்குப் போய், ஒடித்து ஒடித்து உள்ளே திணித்து, மேலே நாலு நோட்டுப் புத்தகத்தைப் பரப்பி மூடிக்கொண்டு வந்தேன். வழியில் எதிரே வந்தவர்கள் எல்லோரும் என் பையையே பார்ப்பது போல இருந்தது. வேப்பிலையைப் பரப்பி அதன் மேல் பிள்ளையைப் படுக்க வைத்தோம்.

பத்தரை மணி இருக்கும். கீழே மத்தியானச் சமையலுக்குத் தாளித்தார்கள். கடுகும் வற்றல் மிளகாயும் பெருங்காயமும் எண்ணெயில் பொரிந்து, அந்த நெடி படி வழியாக நேராக எங்கள் ரூமுக்குள் வந்து நின்றது.

நான் எப்படி மறந்தேன்? அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். பக்கத்து வீட்டில் தாளித்தாலே போய்ச் சொல்லி நிறுத்துவார்கள். அப்படியிருக்க, ஒரு நாளைக்கு நாலு தடவை தாளிக்கிற அடுப்புக்கு நேர் மேலே கொண்டுவந்து பிள்ளையைக் கிடத்தியிருக்கிறேன்.

என் மனைவி சேலையைச் சுருட்டிக் கதவிடுக்கில் அடைத்தாள். பிள்ளை இருமினாள். என் மனைவி என் பக்கம் திரும்பினாள். “இம்புட்டு வருசமா மதுரையச் சுத்துறீகளே, ஒங்களுக்கு இது தெரியலையா? இந்த வாசம் அவளுக்கு ஆகாது. கோவிச்சுக்கிட்டுக் கண்ணுல எறங்கிருவா. எம்புள்ளைக்குக் கண்ணு போச்சுன்னா நான் ஒங்கள மன்னிக்கவே மாட்டேன்.”

அம்மையில் கண் போனவர்கள் எங்கள் ஊரிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். அவள் சொன்னதும் அந்த இரண்டு முகமும் என் முன்னால் வந்து நின்றன. பின்பக்கம் கிணற்றைப் பார்த்த மாதிரி ஓர் அறை பூட்டிக் கிடப்பதைப் பார்த்திருந்தேன். கீழே ஓடினேன்.

“அண்ணே, பின்பக்க ரூமு காலியாத்தான இருக்கு?”

“அது ரூமில்லண்ணே, வெங்காயம் போட்டு வைக்கிற எடம். ஏன், இந்த ரூமுக்கு என்ன?”

“ரூமுக்கு ஒண்ணுமில்ல. தாளிக்கிற வாசன மேல வருது. புள்ளைக்கு ஆகல.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. புகை வருகிறது என்று சொல்லியிருக்கலாம். மூக்கு எரிகிறது என்று சொல்லியிருக்கலாம். தாளிப்பு வாசனை ஆகாத காய்ச்சல் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஓட்டல்காரர் எழுதிக்கொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“எத்தன நாளாச்சு?” என்றார்.

“இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. அண்ணே, ஒங்க கால்ல வேணா விழுகிறேன்…”

“கால்லயெல்லாம் விழுக வேணாம். பின்பக்கம் போனாலும் வாசம் வரும்ணே. இந்த வீட்ல எங்க படுத்தாலும் வரும். மேல போங்க.”

அவ்வளவுதான். மேலே போங்க என்றால் என்ன அர்த்தம்? இருங்கள் என்றா, மூட்டையைக் கட்டுங்கள் என்றா? மேலே வந்து என் மனைவியிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது, சரியாகிவிடும் என்று பொய் சொன்னேன். பிறகு ஜன்னலில் நின்றேன். தெருவில் வந்த ஒவ்வொரு வண்டியும் நகரசபை வண்டியாகத் தெரிந்தது. ஒரு வண்டி ஓட்டல் வாசலில் நின்றபோது நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன், என் முதுகு தடுத்துவிடப் போகிற மாதிரி. கீழே விறகு இறக்கும் சத்தம் கேட்டது.

சாயங்காலப் பலகாரத்துக்குத் தாளிக்கிற நேரம் வந்தது. இரண்டு பேரும் கதவைப் பார்த்தபடி காத்திருந்தோம். வாசனை வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். பாத்திரச் சத்தம் கேட்டது, இலை போடுகிற சத்தம் கேட்டது, ஆட்கள் சாப்பிடுகிற சத்தமும் கேட்டது. வாசனை மட்டும் வரவில்லை. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாளும் தாளிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் படியின் மேல்கோடியில் உட்கார்ந்து கீழே நடப்பதைக் காதில் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“என்னய்யா இது, ரசமா வெந்நியா?”

“யுத்தம்ணே. கடுகு வரல.”

“போன வாரம் அரிசி வரலன்ன. இந்த வாரம் கடுகா? அடுத்த வாரம் எலை வரலன்னு கையில ஊத்துவ போல!”

வேறு சமயமாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். கூட்டம் பாதியாகக் குறைந்தது, பிறகு பாதியிலும் பாதியானது. தாளிக்காத சாம்பாரைப் பரிமாறுகிற ஓட்டலில் என்ன விஷயம் என்று கண்டுபிடிக்க மதுரைக்காரனுக்குச் சாஸ்திரம் படிக்க வேண்டியதில்லை. சிலர் ஒரு வாய் வைத்துவிட்டு மாடிப்படியை நிமிர்ந்து பார்ப்பார்களாம். கன்னத்தில் போட்டுக்கொண்டு பேசாமல் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்களாம். ஓட்டல்காரர் சொன்னதுதான். இத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் ஒருவர்கூடப் போய்ச் சொல்லவில்லை.

எங்கள் ரூமுக்கு வேலைக்காரர் யாரும் வரக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, ஓட்டல்காரர் தாமே காலையும் மாலையும் கம்பங்கூழ், மோர், இளநீர் எல்லாம் கொண்டுவருவார். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வருவார். பிள்ளையை மகமாயியாகவே நினைத்துக் கும்பிடுவார். சில சமயம் என் மனைவி கண் அசந்தால், தாமே உட்கார்ந்து வேப்பங்கொத்தால் பிள்ளையின் கையை வருடிக்கொண்டிருப்பார். எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒங்களுக்காகன்னு நெனச்சுக்கிறாதீகண்ணே” என்று கையை விடுவித்துக்கொண்டார். “ரூமு வாடகைக்கு விடுறேன், யார் யாரோ வந்து தங்குறாக. இப்ப அவ வந்து தங்கிருக்கா. எந்திரிச்சுப் போன்னு அவகிட்டச் சொல்ல எனக்கு ஏதுண்ணே தைரியம்?”

அப்போதுதான் புரிந்தது, அவரும் என்னைப் போலவே பயந்துகொண்டுதான் இருந்தார். பயந்தவனுக்குப் பயந்தவன் துணை என்று இருந்தோம்.

ஆறாம் நாளிலிருந்து பிள்ளையின் முகம் அடையாளம் தெரியவில்லை. முத்து உடம்பு முழுக்க நிறைந்து, கண் இமை இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டன. “அய்யா, வெளக்குப் பொருத்துங்க” என்று பட்டப்பகலில் கேட்டாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். என் மனைவி இளநீரைத் துணியில் நனைத்து இமை மேல் போட்டுப் போட்டு எடுப்பாள். உள்ளே கண் இருக்கிறதா போய்விட்டதா என்பதைத் திறந்தால்தான் தெரியும், திறக்கவோ முடியவில்லை. பிள்ளை பிழைத்தால் போதும் என்று முதலில் வேண்டிக்கொண்டவன், கண்ணும் வேண்டும் என்று சேர்த்து வேண்டினேன். பேராசை என்று அவள் கோபித்துக்கொள்வாளோ என்று அதற்கும் பயந்தேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். நான் படியின் மேல்கோடியில் உட்கார்ந்திருந்தேன். அவர் சாப்பிட உட்கார்ந்ததும், ரசம் பரிமாறப்பட்டதும், அவர் பேச்சை நிறுத்தியதும் எல்லாம் எனக்குக் கேட்டது.

“என்னய்யா, தாளிக்கலையா?”

“கடுகு வரலங்க.”

“எதுத்த கடையில மூட்டை மூட்டையாக் கெடக்கு.” டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. “மேல யாரு தங்கிருக்கா?”

“மேல வெங்காயமுங்க.”

நான் ரூமுக்குள் போகக்கூட முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் பலகை சத்தம் போடும். பிள்ளை முனகினால் கேட்டுவிடும். இன்ஸ்பெக்டர் சொன்னார்: “இந்த வார்டுல நாலஞ்சு எடத்துல அம்மை கண்டிருக்கு. அம்மை குத்துறவரு பக்கத்துத் தெருவுலதான் இருக்காரு. கூப்புடுறேன். நீயும் ஒன் ஆளுகளும் இப்பவே கையக் காட்டுங்க.”

எனக்கு நன்றாகத் தெரியும். ஓட்டல்காரருக்கு அம்மை வந்ததில்லை, முகம் பளிங்கு மாதிரி இருக்கும். தினமும் இரண்டு வேளை எங்கள் ரூமுக்குள் வந்து போகிறவர். அவர் கையைக் காட்டுவதுதான் சரி. ஆனால் அம்மை குத்துகிறவர் வந்தால் ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் இன்ஸ்பெக்டர் படியேறி விட்டால்? வேண்டாம் என்று சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று நான் படியில் உட்கார்ந்து மனசுக்குள் கெஞ்சினேன்.

“இப்ப வேணாமுங்க. அடுப்பு வேல தலைக்கு மேல கெடக்குது. திங்கக்கெழமை எல்லாரும் வரிசையா நிக்கிறோம்” என்றார் ஓட்டல்காரர்.

“திங்கக்கெழமை நானே வாரேன். வெங்காயத்தையும் பாத்துட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் எழுந்து போனார்.

சாயங்காலம் கூழோடு வந்தபோது, “குத்திக்கிட்டிருக்கலாமேண்ணே” என்று பேச்சுக்குச் சொன்னேன். பேச்சுக்குத்தான்.

“அவ உள்ள இருக்கையில நான் ஊசி குத்திக்கிட்டா, விருந்தாளிய உக்கார வச்சிட்டுச் சோத்துப் பானையப் பூட்டுற மாதிரில்ல இருக்கும்? அவ போகட்டும், அப்புறம் பாத்துக்குவோம்” என்றார்.

எனக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார்களோடு பழகுகிறவன், அம்மை குத்தினால் என்ன பலன் என்று கேட்டறிந்தவன். என் மகளுக்குக் குத்தாமல் விட்டதால் என்ன ஆயிற்று என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறவன். அவர் சொன்னதற்குத் தலையை ஆட்டினேன்.

திங்கட்கிழமைக்குள் போய்விட வேண்டும். சனிக்கிழமை வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை முதல் தண்ணீராக ஊற்றினாள் என் மனைவி. எல்லை தாண்ட உத்தரவு உண்டா என்று பார்க்க, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, ஓட்டல்காரரை எடுக்கச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். வெள்ளை வந்தது, போகலாம் என்று உத்தரவு. வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து காய்கறி கொண்டுவருகிற கூண்டு வண்டிக்காரனுக்கும் அம்மைத் தழும்பு உண்டு. அவனை அவரே பேசி அமர்த்திக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கொல்லைப்புறமாகக் கிளம்பினோம். பிள்ளையின் கண் அப்போதும் திறக்கவில்லை. அம்மை போட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்று என் மனைவி சொல்லியிருந்ததால், நான் வாயைத் திறக்காமல் வண்டியில் ஏறினேன். ஓட்டல்காரர் வண்டிக்குப் பின்னால் நாலடி நடந்து வந்தார்.

“கண்ணு தெரிஞ்சதும் ஒரு கார்டு போடுங்கண்ணே. மறந்துறாதீக” என்றார்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், நான் பிள்ளைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். “அய்யா, ஒங்க தலைக்கு மேல பல்லி” என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். பல்லி இருந்தது. ஒரு கண்ணைப் பொத்திக் கேட்டேன், மறு கண்ணைப் பொத்திக் கேட்டேன். இரண்டிலும் பல்லி தெரிந்தது. நான் சத்தம் போட்டு அழுததில் அக்கம்பக்கம் எல்லாம் கூடிவிட்டது, வேறு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு.

கார்டு வாங்கினேன். எழுதவில்லை. கார்டைத் தபால்காரர் படிப்பார், ஓட்டலில் யாராவது படிப்பார்கள், இன்ஸ்பெக்டர் கையில் கிடைத்தால் என் பேரும் ஊரும் அதில் இருக்கும். அடுத்த வாரம் பார்க்கலாம், நேரில் போய்ச் சொல்லலாம் என்று தள்ளினேன். மதுரைக்கே போகப் பயந்து, ஐந்தாறு மாதம் சரக்கைத் திண்டுக்கல்லில் எடுத்தேன்.

பிறகு ஒருநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். ஓட்டலில் பழைய ஆட்கள் ஒருவரையும் காணோம். இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முன்னே பின்னே நான் பார்த்ததில்லை.

“வாங்கய்யா. சாப்பாடா, ரூமா?”

“மொதலாளி இல்லீங்களா?”

“வெளியூரோ? ஒங்களுக்குத் தெரியாதா?” என்றாள். “அவுக தவறி அஞ்சு மாசமாச்சு. நான் அவுக சம்சாரம். முத்துப் போட்டு, பதினோராம் நாளு போயிட்டாக. அம்மை குத்திக்கிட்டதும் பிந்திப் போச்சாம்.”

அவள் இதைப் பலருக்கும் சொல்லிப் பழகியிருக்க வேண்டும், நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். “மேல ரூம்ல ஒரு புள்ளைக்கு அவ வந்திருந்தாளாம். இவுகதான் கூழு கொண்டுபோய்க் குடுத்தாகளாம். நான் ஊர்ல இருந்தேன், எனக்குப் பின்னாடிதான் தெரியும். படுத்த பெறகும் அதே பேச்சுதான், தபால் வந்துச்சா, தபால் வந்துச்சான்னு. அந்தப் புள்ளைக்குக் கண்ணு தெரிஞ்சுச்சான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாக. கடேசி ரெண்டு நாளு இவுகளுக்கே கண்ணு தெரியல. அப்பவும் அதத்தான் கேட்டாக.”

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “இங்க வந்து தங்குறவுக மாதிரி இருக்கீக. அந்தப் புள்ளையப் பத்தி ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுமாய்யா?”

“தெரியாதும்மா” என்றேன்.

இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவள் என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அதைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டுவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயந்தேன்.